துளை போட்ட மேசை

எடிசன், ஜேம்ஸ் வாட் பற்றி எழுத நம்மில் நிறையப் பேர் உண்டு. நான் எந்தப் பட்டறையிலும் படிக்காத ஒரு பிரெஞ்சு அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். ஷாம்பெயின் மது தயாரித்தவர். மதுவா என்று முகம் சுளிக்காதீங்க, நானும் குடித்ததில்லை! எனக்குப் பிடித்தது அவருடைய மேசைதான்.

பார்ப் நிக்கோல் 1777-ல் ரீம்ஸ் நகரில், துணித் தொழில் செய்த பணக்கார வீட்டில் பிறந்தார். 1798-ல் பிரான்சுவா கிளிக்கோவை மணந்தார். கிளிக்கோ குடும்பம் 1772 முதல் மது வியாபாரம் செய்து வந்தது. 1805-ல் கணவர் இறந்தபோது இவருக்கு வயசு 27, கையில் ஒரே பெண் குழந்தை. அந்த நாட்டில் அப்போது மணமான பெண் கணவன் அனுமதி இல்லாமல் தொழில் நடத்த முடியாது, விதவை நடத்தலாம் என்றிருந்தது. விநோதமான சட்டம்தான்! தொழிலை மூடிவிட நினைத்த மாமனாரிடம் பேசிச் சம்மதம் வாங்கினார். கூட்டாளியோடு சில வருஷம் வேலை பழகி, 1810-லிருந்து தனியாக நின்றார்.

நெப்போலியன் போர்களில் வியாபாரம் படுத்தது. 1814-ல் தடைகள் முழுசாக நீங்கும் முன்பே, ருஷ்யச் சந்தையை நம்பி 10,550 பாட்டில்களைக் கப்பலேற்றினார். மூழ்கியிருந்தால் அவ்வளவுதான்! ஆனால் சரக்கு போய்ச் சேர்ந்தது, நல்ல விலைக்கும் போனது.

இனி மேசைக்கு வருவோம். ஷாம்பெயின் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கும். அதில் வாயு உண்டாகும், கூடவே செத்த ஈஸ்ட் கசடாகத் தங்கும். வேறு பாட்டிலுக்கு மாற்றினால் வாயு போய்விடும். 1816 வாக்கில் மேசையில் துளை போட்டு, பாட்டில்களைத் தலைகீழாகச் செருகி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வைத்தார். சில வாரத்தில் கசடெல்லாம் தக்கைப் பக்கம் இறங்கிவிடும். தக்கையைத் திறந்தால் உள்ளழுத்தமே அதை வெளியே தள்ளும். எவ்வளவு எளிய தத்துவம்! நிலவறைத் தொழிலாளி முல்லருக்கும் இதில் பங்குண்டு. தொழிலாளி பெயரும் சேரணும் என்பது என் கட்சி.

இன்று பெரும்பாலும் இயந்திரமே பாட்டிலைத் திருப்புகிறது. அவர் 1866-ல், 88 வயதில் காலமானார். தொழிலை மகளுக்குத் தரவில்லை. ஊழியராகச் சேர்ந்து கூட்டாளியான எதுவார் வெர்லே கைக்குப் போனது.

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா போனபின் இட்லிக் கடை நடத்தி என்னைப் படிக்க வைக்கும் அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். மேசையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண் குழந்தையை யார் பார்த்துக்கிட்டாங்க என்றுதான் கேட்டாங்க. பாரிஸில் விடுதியில் விட்டுப் படிக்க வைத்தார் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மாவை எடுத்து வைக்கப் போனாங்க.