குணா குகைப் பாட்டை எழுதியவர் யார்? 32 ஆண்டு கழித்து மீண்டும் ஒலித்த வாலியின் வரிகள்

கொடைக்கானலில் தூண் பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறது குணா குகை. வெள்ளைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'டெவில்ஸ் கிச்சன்', அதாவது சாத்தானின் சமையலறை. சோலை மரங்களின் வேர்கள் தரையெல்லாம் பின்னிக் கிடக்க, பாறை இடுக்குகளுக்குள் அடி தெரியாத குழிகள். 1991-ல் வெளியான 'குணா' படத்துக்காக அங்கே படப்பிடிப்பு நடந்தது. அதன் பிறகு பழைய பெயர் போய், படத்தின் பெயரே குகைக்கு ஒட்டிக்கொண்டது.

2024 பிப்ரவரியில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் வந்தது. கொடைக்கானல் வந்த கேரள நண்பர்களில் ஒருவர் குகைக் குழிக்குள் விழுந்ததும், இன்னொருவர் கயிறு கட்டி இறங்கி அவரை மீட்டதும்தான் கதை. 2006-ல் உண்மையில் நடந்தது. அந்தப் படத்தின் உச்சக் காட்சியில் 'குணா'வின் 'கண்மணி அன்போடு' பாட்டு ஒலித்தபோது தியேட்டரே எழுந்து நின்றது. அடுத்த சில வாரங்கள் ரீல்ஸ், ரிங்டோன், மேடைக் கச்சேரி என எங்கே திரும்பினாலும் அதே பாட்டு. குகையைப் பார்க்க வரும் கூட்டமும் கூடியது.

கமல்ஹாசனைப் பற்றிப் பேசினார்கள். இளையராஜாவைப் பற்றிப் பேசினார்கள். அந்த வரிகளை எழுதியவரைப் பற்றிய பேச்சு மட்டும் குறைவு. எழுதியவர் கவிஞர் வாலி. பாட்டு திரும்பி வந்தபோது அவர் மறைந்து பத்து வருடம் தாண்டியிருந்தது.

ஓவியராக நினைத்த ஸ்ரீரங்கத்துப் பையன்

வாலியின் இயற்பெயர் டி.எஸ்.ரங்கராஜன். 1931 அக்டோபர் 29 அன்று திருச்சி மாவட்டம் திருப்பராய்த்துறையில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். சின்ன வயதில் அவருக்குப் பாட்டைவிடப் படம் வரைவதில்தான் பைத்தியம். அப்போது 'ஆனந்த விகடன்' ஓவியர் மாலி என்றால் தமிழ்நாடு முழுக்கப் பிரபலம். மாலி மாதிரி நீயும் பெரிய ஆளாக வேண்டும் என்று பள்ளித் தோழன் ஒருவன் வைத்த பெயர்தான் 'வாலி'. ராமாயணத்து வாலிக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அதே ஆள் பின்னாளில் ராமாயணத்தைப் புதுக்கவிதையில் 'அவதார புருஷன்' என்று எழுதினார்.

ஓவியம் படிக்கச் சென்னைக்குப் போய், ஓராண்டு முடிவதற்குள் ஆர்வம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஊருக்கு வந்து நண்பர்களோடு 'நேதாஜி' என்ற கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். திருச்சி வானொலி நிலையத்துக்கு எழுதினார். நாடகம் போட்டார். வருமானம் என்று சொல்லிக்கொள்ள பெரிதாக ஒன்றும் இல்லை.

அஞ்சலட்டையில் போன பாட்டு

அந்த நாட்களில் திருச்சி பக்கம் வந்திருந்த பாடகர் டி.எம்.சௌந்தரராஜனை வாலி சந்தித்தார். அந்தப் பழக்கத்தில் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு முருகன் பாட்டை அஞ்சலட்டையில் எழுதி அவருக்கு அனுப்பினார். 'கற்பனை என்றாலும்' என்று தொடங்கும் அந்தப் பாட்டுக்கு டி.எம்.எஸ். தானே மெட்டுப் போட்டுப் பாடினார்.

எந்தப் படத்துக்கும் எழுதப்படாத பாட்டு அது. ஆனாலும் பழனி அடிவாரம் முதல் சின்னத் தெருக்கோயில் வரை கிருத்திகைக்கும் தைப்பூசத்துக்கும் ஒலிபெருக்கியில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. பாடியவர் டி.எம்.எஸ். என்று பச்சைக்குழந்தைகூடச் சொல்லும். எழுதியவர் யார் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் யோசிப்பார்கள். ஆக, பாட்டு நிலைத்து எழுதியவர் பெயர் உதிர்ந்துபோவது வாலிக்கு முதல் பாட்டிலேயே நடந்த கதை.

பெட்டி கட்டிய நாளில் வந்த பாட்டு

டி.எம்.எஸ். கொடுத்த தைரியத்தில் வாலி சென்னைக்கு வண்டி ஏறினார். 1958-ல் 'அழகர்மலை கள்வன்' படத்தில் முதல் பாட்டு கிடைத்தது. அதற்கப்புறம் நான்கைந்து வருஷம் கஷ்டம்தான். தி.நகரில் விடுதி அறை, பக்கத்து அறையிலும் இவரைப் போலவே வாய்ப்பு தேடும் இளைஞர்கள். அப்போது அமைந்த நட்புதான் நாகேஷ். ஒரு வேளை சாப்பாட்டைப் பங்கு போட்டுக்கொண்ட காலம்.

ஒரு கட்டத்தில் வெறுத்துப் போய், மதுரைக்குப் போய் ஏதாவது வேலையில் சேர்ந்துவிடலாம் என்று வாலி பெட்டி கட்டிவிட்டார். அன்றைக்குப் பார்க்க வந்த பாடகர் பி.பி.ஸ்ரீநிவாஸ், தான் புதிதாகப் பாடியிருந்த ஒரு பாட்டைப் பாடிக் காட்டினார். 'சுமைதாங்கி' படத்துக்காகக் கண்ணதாசன் எழுதிய 'மயக்கமா கலக்கமா'. அதைக் கேட்டதும் வாலி பெட்டியைப் பிரித்துவிட்டார். தன்னை சென்னையில் நிறுத்தியது கண்ணதாசன் பாட்டுதான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1963-ல் கே.எஸ்.கோபாலகிருஷ்ணனின் 'கற்பகம்' வந்தது. விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை, பாடல்கள் எல்லாம் வாலி. படம் ஓடியது, அவர் வாழ்க்கையும் ஓடத் தொடங்கியது.

எம்.ஜி.ஆர். வாயில் வாலி வார்த்தை

1964-ல் 'படகோட்டி'. மீனவர் வாழ்க்கையைச் சொல்லும் அந்தப் படத்தின் பாடல்கள் முழுவதும் வாலி எழுதியவை. மறு வருடம் 'எங்க வீட்டுப் பிள்ளை'. சாட்டையைச் சுழற்றியபடி எம்.ஜி.ஆர். பாடும் அந்தப் பாட்டு, கதைப்படி ஒரு வீட்டுக்குள் நடக்கும் அடக்குமுறைக்கு எதிரானது. தியேட்டரில் கைதட்டியவர்களோ அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். எம்.ஜி.ஆர். 1972-ல் தனிக்கட்சி தொடங்கி 1977-ல் முதலமைச்சர் ஆனபோது, அது ஆட்சியைப் பற்றிய பாட்டாகவே ஆகிவிட்டது. இன்றும் கட்சிக் கூட்டங்களில் மேடைக்குத் தலைவர் வரும் முன்னால் அது ஒலிக்கிறது.

வாலியின் தொழில் ரகசியம் இதில் இருக்கிறது. படத்தில் வரும் பாத்திரத்துக்கும் பொருந்தணும், நடிகருக்கும் பொருந்தணும், தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர் தன் வாழ்க்கைக்கும் அதைப் போட்டுப் பார்க்கணும். தையல்காரர் தையலுக்குள் கொஞ்சம் துணி விட்டு வைப்பது மாதிரி அர்த்தத்திலும் கொஞ்சம் இடம் விட்டு வைப்பார். பின்னால் யார் உடம்புக்கும் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு பக்கம், அந்தக் காலத்தில் அவர் எழுதிய பல பாடல்களைக் கண்ணதாசன் எழுதியது என்றே மக்கள் நம்பினார்கள். இன்றும் அந்தக் குழப்பம் தீரவில்லை. வாலி அதற்காகக் கோபப்பட்டதில்லை. கண்ணதாசனைத் தனக்கு மூத்தவராகத்தான் அவர் எப்போதும் வைத்திருந்தார்.

சினிமாப் பாட்டு தனக்குப் பிழைப்பு என்பதை மேடையிலேயே போட்டு உடைத்துப் பேசியவர் அவர். கவியரங்கக் கவிதை வேறு, சினிமாப் பாட்டு வேறு என்று தெளிவாகப் பிரித்துக்கொண்டார். பிழைப்பு என்று சொன்னாரே தவிர, அந்தப் பிழைப்பில் ஏமாற்றவில்லை.

ஒரே தீபாவளி, இரண்டு படம்

1991 நவம்பர் 5, தீபாவளி. ரஜினியின் 'தளபதி'யும் கமலின் 'குணா'வும் ஒரே நாளில் வெளியாயின. இரண்டுக்கும் இளையராஜா இசை. 'தளபதி' பாடல்கள் முழுவதையும் எழுதியவர் வாலி. 'குணா'வின் 'கண்மணி' பாட்டும் அவருடையது. அப்போது அவருக்கு வயது 60.

'தளபதி' பெரிய வெற்றி. அதில் வரும் 'ராக்கம்மா' பாட்டின் நடுவே, 7-ம் நூற்றாண்டில் அப்பர் பாடிய தேவாரம் ஒன்று அப்படியே வரும். பழைய பாட்டு திரும்பி வருவதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் இருக்க முடியாது. 2002-ல் பி.பி.சி. உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் உலக அளவில் நான்காவது இடம் பிடித்தது அந்தப் பாட்டு.

சந்தான பாரதி இயக்கிய 'குணா' அன்றைக்கு அவ்வளவாகப் போகவில்லை. மனநிலை பிறழ்ந்த ஒருவன், தன் கற்பனையில் இருக்கும் அபிராமி என்று நம்பி ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகும் கதை. தீபாவளிக்கு மத்தாப்பூ எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அது கனம். பாட்டு மட்டும் தங்கிவிட்டது.

அந்தப் பாட்டின் அமைப்பே புதுசு. அவன் ஒரு காதல் கடிதம் சொல்லச் சொல்ல, அவள் எழுதுகிறாள். அவனுக்கு வருவது சாதாரணப் பேச்சு. அவள் வாயில் அது பாட்டாகிறது. கமல்ஹாசன் பேசிப் பாட, எஸ்.ஜானகி அதை மெட்டுக்குள் கொண்டுவருவார். நலம் விசாரிப்பதில் ஆரம்பித்து, தனக்குப் பட்ட காயம் பெரிதில்லை, அதை அறிந்தால் அவள் வருந்துவாளே என்ற இடத்துக்கு வந்து, சாதாரண மனிதக் காதலைத் தாண்டிய ஒன்றாக முடியும். கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. அந்தப் பாத்திரத்துக்குத் தெரியாத தமிழை வாலி அவன் வாயில் திணிக்கவில்லை.

காதலியிடமிருந்து நண்பனுக்கு

32 ஆண்டு கழித்து அதே வரிகள் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் வருகின்றன. ஆணும் பெண்ணும் இல்லை. ரத்தமும் சேறுமாக, நண்பனைத் தோளோடு கட்டிக்கொண்டு குழியிலிருந்து மேலே வருகிறான் ஒருவன். காதலுக்கு எழுதிய வரி, அந்த நொடியில் நட்புக்கு எழுதியது போலவே கேட்கிறது. ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

பழைய பாட்டு திரும்ப ஹிட் ஆவதற்கு இப்போதெல்லாம் பல காரணம் உண்டு. புதுப் படத்தில் சேர்ப்பது, ரீல்ஸில் பரவுவது, ரீ-ரிலீஸ் என்று எத்தனையோ. அவற்றில் பெரும்பாலானவை பழைய நினைவைக் கிளறுவதோடு சரி. 'கண்மணி'க்கு நடந்தது வேறு. 1991-ல் பிறந்தே இராத பிள்ளைகள், 'குணா' படத்தைப் பார்க்காதவர்கள், தமிழ் சரியாகப் புரியாத மலையாளிகள் எல்லோரும் அதைப் புதுப் பாட்டாகவே கேட்டார்கள். மெட்டு பழசாகாததும் காரணம். வரியில் வாலி விட்டு வைத்திருந்த அந்தக் கொஞ்சம் துணியும் காரணம்.

வரி யாருக்குச் சொந்தம்?

பாட்டு திரும்பி வந்ததும் பணப் பேச்சும் வந்தது. தன் அனுமதி இல்லாமல் பாட்டைப் பயன்படுத்தியதாக 2024 மே மாதம் இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. உரிமை வைத்திருக்கும் இசை நிறுவனங்களிடம் முறையாக அனுமதி வாங்கியதாகப் படத்தயாரிப்புத் தரப்பு சொன்னது.

அதற்குச் சில வாரங்கள் முன்புதான், இளையராஜா பாடல்கள் தொடர்பான வேறொரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு கேள்வியை எழுப்பியிருந்தது. வரி இல்லாமல் பாட்டு இல்லையே, பாடலாசிரியரும் உரிமை கேட்டு வந்தால் என்ன ஆகும் என்பதுதான் அது.

இந்தியச் சட்டப்படி ஒரு பாட்டில் மூன்று படைப்புகள் இருக்கின்றன. வரி ஓர் இலக்கியப் படைப்பு. மெட்டு ஓர் இசைப் படைப்பு. இரண்டும் சேர்ந்த ஒலிப்பதிவு மூன்றாவது. ஒலிப்பதிவுக்குப் பாதுகாப்பு வெளியான ஆண்டிலிருந்து 60 வருடம். 'கண்மணி'க்கு அது 2051 முடிவு வரை. வரிக்கோ எழுதியவர் இறந்த ஆண்டிலிருந்து 60 வருடம். அந்தக் கணக்குப்படி வாலியின் வரிகளுக்கு 2073 முடிவு வரை பாதுகாப்பு உண்டு.

ஆனால் நடைமுறையில் பாடலாசிரியர்கள் ஒரு தொகை வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுப்பார்கள். அதோடு சரி. பிறகு பாட்டு எத்தனை கோடி சம்பாதித்தாலும் எழுதியவர் பக்கம் வராது. இதை மாற்றத்தான் 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சேர வேண்டிய ராயல்டி பங்கை அவர்களே நினைத்தாலும் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்றது திருத்தம். அது நடைமுறைக்கு வந்தது 2012 ஜூன் 21. வாலி சென்னையில் காலமானது 2013 ஜூலை 18. அரை நூற்றாண்டுக்கு மேல் பாட்டெழுதியவருக்கு அந்தச் சட்டத்தோடு வாழக் கிடைத்தது 13 மாதம்.

பெயரைச் சொன்னால் போதும்

நான்கு தலைமுறை நடிகர்களுக்கு எழுதியவர் வாலி. ஏ.ஆர்.ரஹ்மான் வந்தபோது 60 வயதைத் தாண்டி இளைஞர் பாஷையில் எழுதி, 'வாலிபக் கவிஞர்' என்று பெயர் வாங்கினார். பாலசந்தரின் 'பொய்க்கால் குதிரை'யில் நடித்தார். 2007-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 'நானும் இந்த நூற்றாண்டும்' என்று தன் கதையையும் எழுதி வைத்தார்.

இவ்வளவும் இருந்தும், குணா குகை வாசலில் போனில் பாட்டை ஓடவிட்டு செல்ஃபி எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்பது சந்தேகம்தான். அது ரசிகர்களின் குற்றம் இல்லை. பாட்டு கூடவே நடிகர் முகம் வருகிறது, பாடகர் குரல் வருகிறது, மெட்டு வருகிறது. எழுதியவருக்கு முகமும் இல்லை, குரலும் இல்லை. யாராவது சொன்னால்தான் உண்டு.

பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் ஒலிக்கும் முருகன் பாட்டும், மேலே கொடைக்கானலில் ஒலிக்கும் காதல் கடிதமும் ஒரே ஸ்ரீரங்கத்துக்காரர் எழுதியவை. அடுத்த தடவை அந்த மலைப்பாதையில் வண்டி ஏறும்போது, பாட்டைப் போடுகிறவர் அந்தப் பெயரையும் ஒருமுறை சொல்லிவிடலாம்.