ஆபீஸ் முடிஞ்சா காடு! கென்னத் ஆண்டர்சன் வாழ்ந்து காட்டிய 'கேம்பிங்'

சித்தையன்கோட்டையில உங்க வீட்டு மொட்டை மாடியில ஏறி, சாயங்காலம் மேற்குப் பக்கமா பாருங்க. வயலும் தோப்பும் முடியுற இடத்துல மலை ஆரம்பிக்கும். வெயில் இறங்க இறங்க அதோட நிறம் மாறிக்கிட்டே போகும். ஆத்தூர் காமராசர் அணைப் பக்கம் பைக்கை நிறுத்திட்டு அந்த மலையைப் பார்த்தவங்களுக்குக் கட்டாயம் ஒரு ஆசை வந்திருக்கும். ஒரு டென்ட், ரெண்டு நண்பர்கள், நாலு நூடுல்ஸ் பாக்கெட். மேல போய் ஒரு ராத்திரி படுத்துட்டு வந்தா என்ன? ரிசார்ட் செலவு இல்லை, ரூம் வாடகை இல்லை, எல்லாமே ஃப்ரீ!

அந்த ஆசைக்கு எண்ணெய் ஊத்துறதுக்குன்னே மொபைல்ல வீடியோக்கள் வரும். அமெரிக்காவில் ஒருத்தர் தேசிய வனத்துக்குள்ளே வேனை ஓட்டிட்டுப் போய், ஆள் இல்லாத இடமாப் பார்த்து டென்ட் அடிப்பார். அங்கே நிறைய தேசிய வனங்களில் இதுக்குக் கட்டணம் கிடையாது. பெரும்பாலும் 14 நாள் வரைக்கும் தங்கலாம். அதைப் பார்த்துட்டு நம்ம ஊர் மலையைப் பார்த்தால் கை பரபரக்கத்தான் செய்யும்.

கொஞ்சம் பொறுங்க. நம்ம பக்கத்துப் பசங்க வேலைக்குப் பஸ் ஏறுற அதே பெங்களூரில், உங்களை மாதிரியே ஒருத்தர் இருந்தார். பகலில் ஆபீஸ், நேரம் கிடைச்சா காடு. அதுவும் தமிழ்நாட்டுக் காடு. அவர் பெயர் கென்னத் ஆண்டர்சன். டென்ட்டை ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி அவர் கதையை ஒருதடவை படிச்சிடுங்க.

பாடப்புத்தகத்தில் பார்த்த ஆள்

சி.பி.எஸ்.இ-யில் படிச்சவங்களுக்கு ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் வந்த 'புரூனோ' கரடிக்குட்டி ஞாபகம் இருக்கலாம். கரும்புத் தோட்டத்தின் பக்கம் அனாதையாகி, ஒரு வீட்டுக்குப் பிள்ளையாக வந்து, வளர்ந்து பெரிசானதும் மைசூர் மிருகக்காட்சி சாலைக்குப் போன கரடி. அதைத் தூக்கிட்டு வந்து மனைவிக்குப் பரிசாகக் கொடுத்தவர்தான் ஆண்டர்சன்.

1910-ம் வருஷம் பிறந்தவர். குடும்பம் ஸ்காட்லாந்து வழி. ஆனால், பல தலைமுறைகளாக இந்தியாவிலேயே வேர் விட்டது. பிறந்தது ஹைதராபாத் பக்கம் உள்ள பொலாரம். வளர்ந்தது, படித்தது, வேலை பார்த்தது, கடைசி மூச்சை விட்டது எல்லாம் பெங்களூரில். 1947-க்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் பலர் கப்பல் ஏறியபோதும் அவர் கிளம்பவில்லை.

அவரை முழுநேர வேட்டைக்காரர்னு நினைச்சிடாதீங்க. தபால் தந்தித் துறையில் பல வருஷம் வேலை பார்த்தார். அப்புறம் பெங்களூரு விமானத் தொழிற்சாலையில் திட்டமிடல் பிரிவில் மேலாளர். அதாவது உங்களை மாதிரியே லீவுக்கு மேலதிகாரியின் முகத்தைப் பார்த்த ஆள். காட்டுக்கான நேரத்தை அவர் சம்பள வேலைக்கு நடுவில்தான் திருடி எடுத்தார்.

பௌர்ணமிக்குப் போய், விடியுமுன் திரும்பி...

ஓசூரைத் தாண்டி தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரி. அந்தப் பக்கம் தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், ஒகேனக்கல். இதுதான் ஆண்டர்சனின் முற்றம். பெங்களூரிலிருந்து தேன்கனிக்கோட்டை 65 கிலோமீட்டர் சொச்சம்தான். அதை ஒட்டியிருக்கும் சிவனிப்பள்ளி என்ற சின்ன கிராமம் தனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கும் என்பதற்கு அவர் எழுதிவைத்த காரணத்தைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். நிலா வெளிச்சத்தில் சில மணி நேரம் காட்டில் சுற்றிவிட்டு, நடுராத்திரியோ விடியற்காலையோ பெங்களூரு திரும்பி, ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு ஆபீஸுக்குப் போய்விடலாமாம். அவ்ளோதான் காரணம்! இன்னிக்கு நீங்க நந்தி ஹில்ஸுக்குப் போட்டு வெச்சிருக்கிற பிளானும் இதேதானே?

அவர் ராத்திரிகள் எப்படிக் கழிந்தன? சில நாள் வனத்துறை பங்களா. சில நாள் மரத்தில் கட்டிய பரண். சில நாள் வறண்ட ஆற்று மணல். ஸ்லீப்பிங் பேக் கிடையாது, கொசுவிரட்டி கிரீம் கிடையாது, டவர் கிடையாது. ராத்திரி முழுக்க அசையாமல், இருமாமல், பீடி சிகரெட் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்த கதைகள் அவர் புத்தகங்களில் நிறைய உண்டு. காசு பெரிசாகச் செலவாகவில்லை என்பது உண்மை. ஆனால், அவர் வேறு ஒரு விலை கொடுத்திருந்தார்.

ஆற்றங்கரை வாத்தியார்

ஒகேனக்கல் பக்கம் காவிரியில் வந்து கலக்கும் சின்னாறு தெரியுமா? அந்த ஆற்றுப் பக்கத்துக் காட்டில்தான் ஆண்டர்சன் இளம் வயதில் பைராவைச் சந்தித்தார். பூசாரி என்று அவர் குறிப்பிடும் பழங்குடி இனத்தைச் சேர்ந்தவர் பைரா. இடுப்பில் ஒரு கோவணம், கையில் ஒரு பழைய நாட்டுத் துப்பாக்கி. குடும்பத்தோடு ஆற்றங்கரையைக் குடைந்த பொந்தில் வாழ்ந்தவர். சட்டப்படி பார்த்தால் திருட்டு வேட்டைக்காரர். பிடித்து வனத்துறையிடம் ஒப்படைத்திருக்கலாம். ஆண்டர்சன் அவரிடம் மாணவனாகச் சேர்ந்துவிட்டார்.

காட்டில் எது எதைப் பார்த்துக் கத்துது என்பதில் ஆரம்பித்தது பாடம். கடமான் ராத்திரியில் கணீரென்று குரல் கொடுத்தால் என்ன அர்த்தம், கேளையாடு குரைத்தால் எந்தப் பக்கம் திரும்பணும், மரத்து மேலிருக்கும் மந்தி திடீரென்று பதறினால் கீழே யார் நடந்து வர்றாங்க, மணலில் பதிந்த தடம் இன்னிக்கு விழுந்ததா நேத்து விழுந்ததா... இதெல்லாம் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காத பாடங்கள். பைரா மாதிரியே ரங்கா என்று இன்னொரு கூட்டாளியும் அவருக்கு இருந்தார். கூடவே ஊர் ஊராகக் கிராமத்து ஆட்கள், மாடு மேய்ப்பவர்கள், வனக்காவலர்கள். அவர்களோடு பேச ஆண்டர்சனுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. தமிழும் கன்னடமும் அவருக்கு வரும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. அவர் காட்டில் தைரியமாகத் தூங்கியதற்குக் கையிலிருந்த .405 வின்செஸ்டர் ரைஃபிள் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் பக்கத்தில் பைரா விழித்திருந்தது. டென்ட் அடிக்க இடம் தேடுற நாம இதைத்தான் மறந்துடுறோம்.

துப்பாக்கியைக் கீழே வைத்தவர்

ஆண்டர்சனை மகானாக்க வேண்டாம். அவர் சுட்டார், நிறையவே சுட்டார். 1939-லிருந்து 1966 வரை அரசுப் பதிவுகளின்படி அவர் கொன்ற ஆட்கொல்லிகள் எட்டு சிறுத்தைகள், ஏழு புலிகள். பதிவில் வராதவை இதைவிட அதிகம் என்பார்கள். ஆளை அடித்துத் தின்னும் மிருகத்துக்குப் பயந்து கிராமங்கள் சூரியன் சாயும்போதே கதவடைத்த காலம் அது. மக்கள் அவரைத் தேடி வந்தார்கள் என்பது நிஜம். துப்பாக்கி உரிமமும் வனத்துறை அனுமதியும் சுலபமாகக் கிடைக்கிற இடத்தில் அவர் இருந்தார் என்பதும், பைராவுக்கு அது கிடைக்கவில்லை என்பதும் அதே அளவு நிஜம். இருவரும் ஒரே காட்டில் வேட்டையாடினார்கள். ஒருவர் வேட்டைக்காரர், இன்னொருவர் திருடர்!

1954-ல், 44 வயதில் அவருடைய முதல் புத்தகம் வந்தது. ஒன்பது ஆட்கொல்லிகளும் ஒரு மூர்க்க யானையும் பற்றிய புத்தகம். அந்த யானை திரிந்தது நம்ம பென்னாகரம் பக்கத்துக் காட்டில்தான். புத்தகத்தின் முதல் கதையே ஜவளகிரிப் புலி. கதைகளில் எவ்வளவு மசாலா என்று வாசகர்கள் இன்னிக்கும் சண்டை போடுவதுண்டு. ஆனால், கதை நெடுக ஊர்ப் பெயரும் ஆற்றுப் பெயரும் மனிதர்களும் வந்துகொண்டே இருப்பார்கள். அந்தக் காட்டை நேசிக்காத ஒருவரால் அப்படி எழுத முடியாது.

அந்த நேசம்தான் அவரை மாற்றியது. தான் பார்த்த காடு தன் கண்ணெதிரே சுருங்குவதை அவர் பார்த்தார். மரங்கள் போயின, மிருகங்கள் போயின, ஜீப் விளக்கைப் போட்டுக் கண் கூசவைத்துச் சுடும் கும்பல்கள் வந்தன. பிற்காலத்தில் துப்பாக்கியை ஓரமாக வைத்துவிட்டு கேமராவை எடுத்தார். துப்பாக்கி இல்லாமல், தனியாக, சும்மா காட்டில் இருந்துவிட்டு வருவதற்காகவே போனார். ஆபத்தில்லாத விலங்கைச் சாகடிப்பதில் பெருமை எதுவும் இல்லை என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

கதவு சாத்திய வருடம்

1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம். 1974 ஆகஸ்டில் புற்றுநோயால் ஆண்டர்சன் இறந்தார். வயது 64. காட்டு ராத்திரிகளின் நினைவுகளோடு 'ஜங்கிள்ஸ் லாங் அகோ' என்ற புத்தகம் 1976-ல், அவர் மறைவுக்குப் பிறகு வந்தது. நீண்ட காலத்துக்கு முந்தைய காடுகள் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது.

அந்தச் சட்டத்தில் மூன்று பிரிவுகளை மட்டும் பாருங்க. 27-வது பிரிவு, அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்கிறது. 30-வது பிரிவு, தீ மூட்டுவதைத் தடுக்கிறது. 31-வது பிரிவு, ஆயுதத்தோடு நுழைவதைத் தடுக்கிறது. ஆண்டர்சன் நினைத்த நேரம் நுழைந்தது, நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்தது, துப்பாக்கி தூக்கியது எல்லாம் மூன்றே பிரிவுகளில் முடிந்துபோனது! அவர் சுற்றிய காடுகளின் பெரும்பகுதி இன்று காவிரி வடக்கு, காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயங்கள். முதலாவது 2014-ல், அடுத்தது 2022-ல் அறிவிக்கப்பட்டது. நம்ம மாடியிலிருந்து தெரியுற மலைத்தொடருக்கும் இதே கதைதான். கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் 2013-ல் அறிவிக்கப்பட்டது.

சட்டம் சும்மா பயமுறுத்துதுன்னு நினைச்சா, 2018 மார்ச் மாசத்தை ஞாபகப்படுத்திக்குங்க. தேனி மாவட்டம், குரங்கணி. மலையேறப் போன இளைஞர்கள், காய்ந்த புல்வெளி, பரவிய தீ. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வீடு திரும்பவில்லை. அவர்களும் உங்களை மாதிரி வார இறுதிக்குக் கிளம்பியவர்கள்தான். காய்ந்த போதைப்புல்லில் காற்றடிக்கும்போது தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்று அந்த மலையில் வாழ்பவருக்குத் தெரியும். கூகுள் மேப்புக்குத் தெரியாது.

அப்போ நாம என்ன பண்றது?

மாடியிலிருந்து மலையைப் பார்த்துட்டே இருக்கணுமா? வேண்டாம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாநிலம் முழுக்க 40 மலையேற்றப் பாதைகள். மொபைலிலேயே பதிவு செய்யலாம். தீ பிடிக்கும் கோடை மாதங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள். டென்ட் அடிக்க முடியாது, பணமும் கட்டணும். ஃப்ரீ இல்லையேன்னு முகம் சுளிக்காதீங்க. உங்களோடு வழிகாட்டியாக வர்றவர் யாருன்னு பாருங்க. காட்டை ஒட்டிய கிராமங்களிலும் பழங்குடிக் குடியிருப்புகளிலும் பிறந்து, பயிற்சி எடுத்த இளைஞர்கள்.

ஆண்டர்சன் காலத்தில் பைராவின் அறிவுக்குச் சம்பளமும் இல்லை, சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. இன்னிக்கு அதே அறிவோடு ஒரு இளைஞர், வனத்துறையின் அனுமதியோடு, சம்பளத்தோடு உங்க முன்னாடி நடக்கிறார். நீங்க கட்டுற காசில் ஒரு பங்கு அவர் வீட்டு அடுப்புக்குப் போகுது. ஆண்டர்சனுக்குக் கிடைத்த ராத்திரி உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். அவருக்குக் கிடைத்த வாத்தியார் உங்களுக்கும் கிடைப்பார்.

போனால் இயர்போனைக் கழற்றி வெச்சிடுங்க. மரத்து மேல மந்தி கத்தினா, அது யாரைப் பார்த்துக் கத்துதுன்னு முன்னாடி போற அண்ணன்கிட்ட கேளுங்க.