பம்மல் சம்பந்த முதலியாரும் நாடகக் கலையின் முதலும்

கலை வளர வேண்டுமாயின் கலைஞன் வாழ வேண்டும். கலைஞன் வாழப் பொருள் வேண்டும். அப்பொருள் எவர் கையினின்று வருகிறதோ, அவர் மனத்தையே கலையும் நாடும். அரசன் அளித்த காலத்தில் அது அரசவையை நாடிற்று. வாயிற்சீட்டு ஒன்றையே நம்பிய காலத்தில் அன்றிரவு கூடிய கூட்டத்தின் ஆரவாரத்தை நாடிற்று. இந்நாளில் இளைஞர் பலர் ஸ்டார்ட் அப் என்னும் பெயரால், ஒரு புதுக் கருத்தை முன்வைத்துப் பிறரிடம் முதல் திரட்டித் தொழில் தொடங்குகின்றனர். இம்முறை நாடகம், இசை, கூத்து ஆகியவற்றிற்கும் பொருந்துமோ என்று வினவுவாரும் உளர். ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகட்கு முன்னரே இவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையால் ஒரு விடை தந்தவர் பம்மல் சம்பந்த முதலியார்.

இவர் 1873-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். தந்தையார் விஜயரங்க முதலியார்; தாயார் மாணிக்கவேலு அம்மையார். பல்லாவரத்தை அடுத்த பம்மல் என்னும் ஊர் இவர் பெயரோடு இணைந்து நிற்பது. மாநிலக் கல்லூரியில் பயின்று, பின்னர்ச் சட்டம் கற்று, வழக்கறிஞராய்த் தொழில் நடத்தினார். 1924 முதல் 1928 வரை சென்னைச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாய் விளங்கினார். பகலில் வழக்கும் இரவில் நாடகமுமாகக் கழிந்தது அவர் வாழ்க்கை. அவருடைய சோற்றுக்கு நாடகம் பொறுப்பாகவில்லை என்பதை நாம் தொடக்கத்திலேயே மனத்திற் கொள்ளுதல் நலம்.

இளமையில் அவர் தமிழ் நாடகத்தை விரும்பியவர் அல்லர். அக்காலத்து நாடகங்கள் விடிய விடிய நடந்தன. பாட்டு மிகுந்திருந்தது, உரையாடல் நடிகரின் அன்றைய நாவன்மையைப் பொறுத்து நீண்டும் குறுகியும் போயிற்று. கூத்தாடி என்னும் சொல்லே வசையாக வழங்கிற்று. கம்பெனி நடத்துவோர் திரைக்கும் உடைக்கும் நடிகர் உணவிற்கும் தம் கைப்பொருளையோ கடன் பொருளையோ இட்டனர். ஒரு வாரம் மழை பெய்து கூட்டம் குறைந்தால் கம்பெனி கலைந்து போதலும் உண்டு. இத்தகைய நிலையில், புது நாடகத்தைப் பன்முறை ஒத்திகை பார்த்துத் திருத்துதற்கோ, மக்கள் பழகாத ஒன்றைத் துணிந்து மேடையேற்றுதற்கோ எவர்க்கு மனம் வரும்?

1891-ஆம் ஆண்டில் பெல்லாரியிலிருந்து தர்மவரம் கிருஷ்ணமாசாரியார் தம் சரச விநோதினி சபையாருடன் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் ஆடினார். கற்றவரும் உத்தியோகம் வகிப்பவரும் கூச்சமின்றி வேடம் பூண்டு நடித்ததைச் சம்பந்தர் கண்டார். தெலுங்கில் இயல்வது தமிழில் ஏன் இயலாது என்னும் எண்ணம் அவர் உள்ளத்தே வேரூன்றிற்று. அவ்வாண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளன்று நண்பர் சிலருடன் கூடிச் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்பொழுது அவர்க்கு வயது பதினெட்டு. நம்மில் பலரினும் இளையவர்.

சபை தொடங்கியோரிடம் பெரும்பொருள் இல்லை.   உறுப்பினர் ஒவ்வொருவரும் சந்தா செலுத்தினர். நடிப்போரும் கூலி பெறாது தாமே சந்தா கொடுத்து நடித்தனர். நாடகத்தன்று விற்கும் சீட்டின் வருவாய் அதற்கு மேற்பட்டது. இம்முறையின் நுட்பம் யாதெனின், ஒரு நாடகம் தோற்றாலும் சபை அழியாது என்பதே. சபையின் முதல் நாடகம் அரங்கேறியது 1893-ஆம் ஆண்டில்தான். அதுவரை ஏறத்தாழ இரண்டாண்டுகள் காசு ஈட்டாமலே ஒத்திகை பார்த்துக் காத்திருக்க எந்தக் கம்பெனியால் இயலும்? இன்று முதலீட்டாளர் ஒரு புதுத் தொழிலுக்குத் தரும் பொருளின் பயனும் இதுவேயன்றோ? அது காலத்தை விலைக்கு வாங்கித் தருகிறது.

அக்காலத்தைச் சம்பந்தர் வீணாக்கினார் அல்லர். மனோகரன், லீலாவதி சுலோசனா, சபாபதி, வேதாள உலகம் முதலாகத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் அமலாதித்யனாயிற்று; மாக்பெத் மகபதியாயிற்று; வெனிஸ் வணிகன் வாணீபுர வணிகனானான். பாட்டைக் குறைத்து உரைநடையை மேடையில் ஏற்றினார். விடியும் வரை நீண்ட நாடகத்தைச் சில மணி நேரத்தில் அடக்கினார். குறித்த நேரத்தில் திரை எழ வேண்டும் என்பதில் அவர் காட்டிய கண்டிப்பு பெரிது. சீட்டு வாங்கியவர்க்குக் காலத்தால் கடன்படலாகாது என்னும் வணிக நேர்மை அதில் உண்டு.

சபைக்கு மதிப்புப் பெருகிற்று. வழக்கறிஞர் சி. ரங்கவடிவேலு நாயகி வேடம் பூணச் சம்பந்தர் நாயகனாய் நடிப்பார்; பல்லாண்டுகள் நீடித்த அவ்விணையைச் சென்னை மக்கள் பெரிதும் விரும்பினர். நாவலர் எஸ். சத்தியமூர்த்தியும் சபையின் மேடையில் நடித்தவரே. 1911-ஆம் ஆண்டில் சபையார் கடல் கடந்து இலங்கை சென்று நடித்தனர். தம் பிள்ளை நாடகமாடுகிறான் என்று சொல்லத் தலைகுனிந்த பெற்றோர், சபையில் உறுப்பினன் என்று சொல்லத் தலைநிமிர்ந்தனர்.

மற்றொரு செய்தி இங்குத் தனித்துக் கூறத்தக்கது. நாடகம் எழுதிக் கொடுப்பவன் ஒருமுறை சிறுதொகை பெற்றுக்கொண்டு, பின்பு தன் நூலைப் பிறர் ஆடிப் பொருளீட்டுவதைப் பார்த்திருப்பதே அந்நாளைய வழக்கம். சட்டமறிந்த சம்பந்தர் அதற்கு உடன்படவில்லை. தம் நாடகத்தை ஆட விரும்புவோர் முன்னரே அனுமதி பெற்று, ஆட்டந்தோறும் ஒரு தொகை செலுத்த வேண்டும் என்று வற்புறுத்தினார். தொழில்முறைக் கம்பெனிகளும் இதற்கு இசைந்தன. கற்பனையும் ஒரு சொத்து. அதற்கும் வாடகை உண்டு என்பதைத் தமிழ் மேடைக்கு உணர்த்திய பெருமை அவர்க்கு உரியது. அச்சொத்து நெடுங்காலம் விளைந்தது. சபாபதி 1941-லும், வேதாள உலகம் 1948-லும், மனோகரா 1954-லும் திரைப்படங்களாயின.

இத்துணைச் சிறப்பும் கூறியபின், குறையையும் கூறாது விடுதல் நேர்மையன்று. சபையின் மேடை வேறு தொழில் உடையார்க்கே திறந்திருந்தது. கூலியின்றி நடிக்க வல்லவன் வயிறு நிறைந்தவனே. நடிப்பையே குலத்தொழிலாய், உயிர்த்தொழிலாய்க் கொண்டவர்க்கு அச்சந்தா முறை சோறு தரவில்லை. அதே காலத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கி, ஏழைச் சிறுவர்க்கு நாடகம் பயிற்றி வந்தார். நாடகத்திற்கு மதிப்புத் தேடினார் ஒருவர். நாடகத்தால் வாழ்வோரை உருவாக்கினார் மற்றவர். இருவர் பணியும் ஒருங்கே கூடவில்லை என்பதே நம் இழப்பு.

மேலும் ஒன்று. சபை வளர வளர உறுப்பினர் பெருகினர். அவருள் நாடகத்திற்காக வந்தோர் சிலர். பொழுதுபோக்கிற்காக வந்தோர் பலர். 1931-இல் தமிழ் பேசும்படம் தோன்றியபின் நாடகக் கூட்டமும் குறைந்தது. சபை மவுண்ட் ரோட்டில் தனக்கென இடம் கண்டது. ஆனால் நாடகம் அவ்விடத்தின் நடுநாயகமாய் நில்லாது மெல்ல ஒதுங்கிற்று. இன்றும் அண்ணாசாலையில் அப்பெயர் தாங்கி நிற்பது ஒரு மனமகிழ் மன்றமே. தாம் தொடங்கிய சபையில் நாடகம் தேய்வதைச் சம்பந்தர் கண்ணாரக் கண்டார். நாடக மேடை நினைவுகள் என்னும் தம் நூலில் அவ்வருத்தத்தைப் பதிவும் செய்தார். முதல் போட்டவர் நோக்கம் மாறினால் முயற்சியின் உயிரும் மாறும் என்னும் பாடத்தை இதனினும் தெளிவாய் எங்கே கற்போம்? 1959-இல் பத்மபூஷண் விருது பெற்ற அப்பெரியார் 1964-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மறைந்தார்.

இனி, எம் திண்டுக்கல் சமவெளியை எண்ணிப் பார்க்கிறேன். மலைக்கோட்டையைச் சூழ்ந்த சிற்றூர்களில் திருவிழா வந்தால், ஊரார் வீட்டுக்கு வீடு வரி பிரித்து வள்ளி திருமணம் வைக்கின்றனர். ஸ்பெஷல் நாடகம் எனப்படும் அதில் நடிப்போர் ஒரே கம்பெனியினர் அல்லர். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் எனத் தனித்தனியே முன்பணம் பெற்று வந்து, ஓர் இரவு கூடி, விடியலில் பிரிவர். ஊர்வரியும் ஒருவகைச் சந்தாவே. ஆனால் அது அவ்விரவோடு தீர்கிறது. விழாக்காலம் கழிந்தால் நடிகன் வீட்டு அடுப்பும் தணிகிறது. புது நாடகம் எழுதுவார்க்கு ஊதியம் இல்லை. ஒத்திகைக்கு நாள் இல்லை.

சின்னாளபட்டி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. நூலும் இரும்பும் பெற்ற இவ்வகைத் துணையை நாடகமும் பெறலாகாதா? பத்து ஊர்கள் கூடி ஓராண்டுச் சந்தாவை முன்கூட்டித் தந்தால், ஒரு குழு மழைக்காலத்தில் அமர்ந்து புதியதொரு நாடகத்தை உருவாக்கும். அந்நாடகம் வேற்றூரில் ஆடப்படும்தோறும் ஆசிரியர்க்கும் நடிகர்க்கும் பங்கு சென்றால், கலை அவர்க்குச் சோறும் தரும். பொருள் தருவோர் நாடகத்தை விரும்புவோராகவே இருத்தல் வேண்டும். நடிப்பை நம்பி வாழ்வோர்க்கு நிருவாகத்திலும் இடம் வேண்டும். இவ்விரண்டும் சம்பந்தர் சபையின் உயர்விலும் தாழ்விலும் நாம் கற்பவை.

பதினெட்டு வயது மாணவர் ஒருவர், வெறுத்த கலையையே விரும்பி, நண்பர் சிலருடன் கூடித் தொடங்கிய முயற்சி தமிழ் மேடையை மாற்றியது. கல்லூரிக் கூடத்தில் ஆண்டுக்கொரு முறை வேடம் பூண்டு, மறுநாள் அதனை மறந்துபோகும் நாம், அடுத்த ஆண்டிற்கும் ஒரு சந்தா எழுதி வைப்போமாக.