பேரன் கண்டெடுத்த பாட்டனார்

வங்க நாட்டில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பத்தார் சத்யஜித் ராயின் பெயரை அறியாதிருக்க இயலாது. ஆயின் அவர்தம் பாட்டனார் உபேந்திரகிசோர் ராய் சௌத்திரியை அறிந்தோர் நம்மிடையே சிலரே.

1863-ஆம் ஆண்டு மைமன்சிங் மாவட்டத்து மசூயா என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காமதாரஞ்சன். ஐந்து வயதளவில் ஜமீன்தாரரான உறவினர் ஒருவர் சுவீகாரம் எடுத்துக்கொள்ளவே, பெயரும் மாறிற்று. வம்சாவளி தேடப் புகுவோர்க்கு இத்தகைய பெயர் மாற்றமே முதல் முட்டுக்கட்டை. நம் வீடுகளிலுந்தான் சுவீகாரம் போன பிள்ளையின் பழம்பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

கல்கத்தாவில் பயின்று, பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தார். வயலின் வாசிப்பதிலும் ஓவியத்திலும் வல்லவர். சிறுவர்க்கென இராமாயணம் எழுதி, தாமே படங்களும் வரைந்தார். மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டபோது அப்படங்கள் உருக்குலைந்து வெளிவந்தன. வேறொருவராயின் அச்சுக்கூடத்தாரைக் கடிந்துகொண்டு அமைந்திருப்பர். இவரோ 1895-ல் இங்கிலாந்திலிருந்து கருவிகளை வரவழைத்து, ஆஃப்டோன் முறையைத் தாமே கற்றுத் தேர்ந்தார். படத்தின் ஒளியையும் நிழலையும் நுண்புள்ளிகளாகப் பிரித்துத் தகட்டில் ஏற்றும் வித்தை அது. அதில் அவர் கண்ட நுட்பங்களை இலண்டனில் வெளியான பென்ரோஸ் ஆண்டு மலர் ஏற்று வெளியிட்டது. பிள்ளைகளின் புத்தகத்துக்காகத் தொடங்கிய முயற்சி இவ்வளவு தூரம் சென்றது!

இரவு உணவுக்கு முன்பே உறங்கிவிடும் குழந்தைகளை விழித்திருக்கச் செய்யக் கிழக்கு வங்கப் பெண்கள் சொல்லிவந்த கதைகளை 1910-ல் நூலாக்கினார். தையற்சிட்டின் பெயர் தாங்கிய நூல் அது. 1913-ல் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினார். அச்சொல்லுக்குச் செய்தி என்பதும் பொருள், இனிப்பு என்பதும் பொருள். நம் குழந்தைகளுக்கு இரண்டாவதே முதலில் விளங்கும்.

1915-ல், 52-ஆம் வயதில் அவர் மறைந்தார். இதழை ஏற்று நடத்திய மகன் சுகுமார் ராயும் 1923-ல் காலா அசார் நோயால் மாண்டார். அப்போது சத்யஜித்துக்கு இரண்டு வயது. சில ஆண்டுகளில் அச்சகம் நொடித்தது. கர்ப்பார் சாலை வீட்டையும் குடும்பம் துறக்க நேர்ந்தது.

பாட்டனாரைப் பேரன் கண்டதே இல்லை. அவருக்கு எஞ்சியவை பழைய நூல்களும் இதழ்களும் அச்சகத்து டர்பென்டைன் வாசனையுமே. அவற்றைக்கொண்டே அவர் பாட்டனாரைத் தேடினார். 1961-ல் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் கூடிச் 'சந்தேஷ்' இதழை மீண்டும் நடத்தத் தொடங்கினார். அதற்கெனக் கதை எழுதினார், படமும் வரைந்தார். பின்னர் அவருடைய இளம் புதல்வன், சிறுவர் பார்க்கத்தக்க படமொன்று வேண்டுமெனக் கேட்டான். தந்தை எடுத்துக்கொண்டது பாட்டனாரின் பழங்கதையை. பூதங்களின் அரசனிடம் வரம் பெற்ற கோபியும் பாகாவும் 1969-ல் கொள்ளுப்பேரன் பொருட்டுத் திரையில் பாடினர்.