கணக்கால் நாடு கண்டவர்

1926ஆம் ஆண்டு ஒரிசாவில் பிராமணி ஆறு கரைபுரண்டது. ஆற்றுப்படுகை மேடாகிவிட்டதே காரணம் என்று கருதிய பொறியாளர்கள், கரைகளைப் பல அடி உயர்த்துமாறு பரிந்துரைத்தனர். இதனை ஆராயும் பணி கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் ஒருவரிடம் வந்தது. அவர் ஏறத்தாழ 60 ஆண்டுகளின் மழையளவையும் நீர்மட்டக் குறிப்புகளையும் தொகுத்துக் கணக்கிட்டார். படுகை உயரவே இல்லை என்பது தெரியவந்தது. கரையை உயர்த்துவதைவிட, ஆற்றின் மேற்பகுதியில் அணை கட்டுவதே தக்கது என்று அவர் எழுதினார்.

அப்பேராசிரியரே பிரசாந்த சந்திர மகலனோபிஸ். 1893 ஜூன் 29 அன்று கொல்கத்தாவில், பிரம்ம சமாஜக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்று 1915இல் தாயகம் திரும்பியபோது, 'பயோமெட்ரிகா' என்னும் புள்ளியியல் இதழின் தொகுதிகளை வாங்கி வந்து கப்பலிலேயே படித்தார். அப்பயணம் அவர் வாழ்வின் திசையை மாற்றியது.

கல்லூரியில் தம் அறையின் ஒரு பகுதியையே புள்ளியியல் ஆய்வகமாக்கிக்கொண்டார். அதிலிருந்து 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தோன்றியது. முதலாண்டுச் செலவு 250 ரூபாயைக்கூட எட்டவில்லை! 1941இல் கொல்கத்தா பல்கலைக்கழகம் புள்ளியியலுக்கென முதுகலைத் துறையைத் தொடங்கியபோது, அதன் பொறுப்பும் அவரைச் சேர்ந்தது.

வங்காளத்தின் செல்வம் அன்று சணல். எவ்வளவு நிலத்தில் அது பயிராகிறது என்பதை அறியாமல் விலையையோ வரியையோ முறைப்படுத்த இயலாது. வயல்தோறும் சென்று எண்ணுவதற்குப் பெரும்படை வேண்டும். படை பெருகினால் பிழையும் பெருகும். எனவே 1937 முதல் மகலனோபிஸ் வேறு வழியைச் சோதித்தார். குலுக்கல் முறையில் சில நிலத்துண்டுகளை மட்டும் தேர்ந்து அளப்பது. அவற்றைக்கொண்டு முழுமையை மதிப்பிடுவது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிவர். ஆனால் எந்தச் சோற்றை எடுப்பது, எத்தனை எடுத்தால் போதும் என்பதற்குக் கணிதம் வேண்டும். அதை வகுத்தவர் அவர்.

அளப்பவர் தவறினாலோ, களத்திற்குப் போகாமலே எழுதிவிட்டாலோ என்ன செய்வது? ஒரே பகுதிக்குள் இரு தனித்தனி மாதிரிகளைத் தேர்ந்து, ஒருவரையொருவர் கலக்காத இரு குழுக்களிடம் ஒப்படைத்தார். இரு விடைகளும் மிக விலகினால் பிழை தானே வெளிப்படும். தம் ஆள்களையும் தம் முறையையும் ஐயுற்று நோக்கும் இந்நேர்மையே அவருடைய மிகப்பெரிய கொடை எனலாம். 1950இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு இவ்வழியில் வளர்ந்ததே. மக்கள் எதை உண்கின்றனர், எதற்குச் செலவிடுகின்றனர் என்பதை நாடு ஊர்தோறும் கேட்டறியத் தொடங்கியது.

1955இல் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவை அவர் நேருவிடம் அளித்தார். எஃகும் இயந்திரமும் செய்யும் கனரகத் தொழில்களுக்கு அது முதலிடம் தந்தது. எல்லோரும் உடன்படவில்லை. குஜராத் பல்கலைக்கழகப் பேராசிரியர் பி.ஆர். ஷெனாய், திட்டத்தின் அளவு நாட்டின் சேமிப்பை மிஞ்சுகிறது என்று மறுப்புரை எழுதினார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் சி.என். வகீலும் பி.ஆர். பிரம்மானந்தாவும், உழைப்போர்க்கு வேண்டிய உணவும் உடையும் முதலில் பெருக வேண்டும் என்று வாதிட்டனர். அக்குரல்கள் போதிய அளவு செவிமடுக்கப்படவில்லை. 1957இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. உணவுத் தானியத்திற்கு அயல்நாட்டைச் சார்ந்திருக்க நேர்ந்தது. சணல் வயலுக்கு இரு குழுக்களை அனுப்பியவர், நாட்டின் திட்டத்திற்கும் மாற்றுக் குழுவின் கணக்கைக் கேட்டிருக்கலாமே என்று இன்று நமக்குத் தோன்றுகிறது. எனினும், அன்று ஊன்றிய கனரகத் தொழில்களே பின்னாளைய தொழில் வளர்ச்சிக்கு அடித்தளமாயின என்போரும் உளர். அவ்விவாதம் இன்னும் முடியவில்லை.

1959இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அவருடைய நிறுவனம் தேசிய முக்கியத்துவம் பெற்று, பட்டம் வழங்கும் உரிமையும் எய்தியது. 1972 ஜூன் 28 அன்று, 79 வயது நிறைவதற்கு முதல்நாள், அவர் மறைந்தார். அவருடைய பிறந்தநாள் 2007 முதல் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.