சின்னாளப்பட்டிக்கு வந்து தங்கிவிட்ட டாக்டர் சௌந்தரம் அம்மையார்

 

நமது பைத்துல்மாலின் வரவு செலவுக் கணக்கு இவ்வாண்டறிக்கையில் வழமைபோல் அச்சாகியுள்ளது. அதில் கிராமப்புற உதவி என்னும் இனத்தைக் காணும்போதெல்லாம் நம் உள்ளம் உறுத்துகிறது. சில ஆண்டுகளுக்கு முன்னர் படப்பைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரின் ஏழைப் பெண்களுக்கு நான்கு தையல் இயந்திரங்கள் வழங்கினோம். சால்வை, புகைப்படம், தேநீர் விருந்து யாவும் குறைவின்றி நடந்தேறின. அண்மையில் ஒரு ஜனாஸாவுக்காக அவ்வூர் சென்றபோது, அவற்றுள் இரண்டு சாக்கு போர்த்தப்பட்டுத் திண்ணையில் கிடக்கக் கண்டோம். ஒன்று விலை போயிருந்தது. தைக்கக் கற்றுக்கொடுக்க நாம் எவரையும் அனுப்பவில்லை. அறுந்த வாரை மாற்றித்தர அவ்வூரில் ஆளுமில்லை. பிழை அப்பெண்களுடையதன்று, நம்முடையது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது நாம் சமைத்துக் கொடுத்த உணவைப் பற்றி இப்படிக் கேட்க இயலாது. அன்று பசி இருந்தது, உணவு சென்றது, காரியம் முடிந்தது. ஒரு கிராமத்தை நிமிர்த்துவது அவ்வகைக் காரியமன்று. திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து வந்து நம் மஹல்லாவில் குடியேறிய மூத்த சகோதரர் ஒருவரிடம் இக்குறையைச் சொல்லி வருந்தினோம். அவர் காந்திகிராமத்தையும் அதை நிறுவிய டாக்டர் டி.எஸ். சௌந்தரம் அம்மையாரையும் நினைவூட்டினார். அவ்வம்மையாரின் வாழ்வைத்தான் இங்கே எழுத முற்படுகிறோம்.

அம்மையார் 1904ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள் பிறந்தவர். தந்தை, டி.வி.எஸ். நிறுவனங்களைத் தோற்றுவித்த டி.வி. சுந்தரம் ஐயங்கார். செல்வம் மிகுந்த வீடு. அக்கால வழக்கப்படி சிறு வயதிலேயே திருமணம் நடந்தேறியது. கணவர் டாக்டர் சௌந்தரராஜன் மருத்துவர். பிளேக் நோய் பரவிய காலத்தில் நோயாளிகளுக்குச் சிகிச்சையளித்த அவர் அந்நோய்க்கே பலியானார். இளம் வயதிலேயே அம்மையார் கைம்பெண்ணானார். அவர் பிறந்த குலத்தில் அந்நாளைய கைம்பெண்ணின் நிலை என்னவென்பது முதியோருக்குத் தெரியும். வீட்டின் ஓர் அறைதான் அவளுக்கு உலகம். ஆனால் சுந்தரம் ஐயங்கார் மகளை மூலையில் அமர்த்தவில்லை, டில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார். பெரும் நிறுவனங்களை நிறுவியவர் என்று உலகம் அவரைப் புகழ்கிறது. அம்மனிதரின் மிகப் பெரிய துணிவு மகளைப் படிக்க அனுப்பியதே என்பது நமது எண்ணம்.

1936இல், தமது முப்பத்திரண்டாம் வயதில், அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். உடன் பயின்ற சுசீலா நய்யார் வாயிலாகக் காந்தியடிகளின் தொடர்பு கிட்டியது. திருவிதாங்கூரைச் சேர்ந்த ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொள்ள விரும்பியபோது வீட்டார் இசையவில்லை. காந்தியடிகள் இருவரையும் ஓராண்டு பிரிந்திருந்து பார்க்கச் சொன்னார். அதன் பின்னும் மனம் மாறாமையால் 1940இல் அவரது முன்னிலையிலேயே திருமணம் நடந்தது.

இனி நம் பேச்சுக்கு உரிய பகுதிக்கு வருகிறோம்.

1944 பிப்ரவரி 22ஆம் நாள் கஸ்தூரிபா அம்மையார் சிறைக்காவலில் காலமானார். அவர் நினைவாக நாடெங்கும் நிதி திரட்டப்பட்டது. காந்தியடிகளின் 75ஆம் பிறந்தநாளை ஒட்டி 75 லட்சம் ரூபாய் சேர்ப்பதே இலக்கு. சேர்ந்ததோ ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. இத்தொகையில் சிலையெழுப்பவில்லை, மண்டபம் கட்டவில்லை. கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று அறக்கட்டளைக்கு வரம்பு கட்டினார்கள். வக்ஃபு செய்பவர் தம் சொத்து இன்ன காரியத்துக்கு என வரையறுத்து எழுதிவைப்பதை அறிந்த நமக்கு இது புதிதன்று. தென்னகத்தில் இவ்வறக்கட்டளையின் பணியை நடத்தும் பொறுப்பு சௌந்தரம் அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டது.

சென்னையில் அமர்ந்துகொண்டு கிராமங்களுக்குப் பணம் அனுப்பியிருக்கலாம். எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே, நெசவாளர் ஊரான சின்னாளப்பட்டிக்கு அருகில் வந்து தங்கினார். 1947ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் காந்திகிராமம் தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் மருத்துவமனை என்றிருந்தது இரண்டு படுக்கைகளே. பிரசவமென்றால் உயிர் பிழைப்பது அதிர்ஷ்டம் என்றிருந்த காலம் அது. அந்த இரண்டு படுக்கைகளிலிருந்து வளர்ந்ததே இன்றைய கஸ்தூரிபா மருத்துவமனை. நூற்றுக்கணக்கான படுக்கைகளுடன் இன்றும் அது இயங்கிவருகிறது.

படுக்கைகள் பெருகியதைவிட நம் கவனத்தைக் கவர்ந்தது வேறொன்று. ஒரு மருத்துவரால் எத்தனை கிராமங்களுக்குச் செல்ல முடியும்? அதனால் அம்மையார் கிராமத்துப் பெண்களையே அழைத்துவந்து பயிற்றுவித்தார். கிராம சேவிகைகள், பேறுகாலச் செவிலியர், ஆதாரப் பள்ளி ஆசிரியைகள் என அவர்கள் உருவாயினர். கைம்பெண்களும் கைவிடப்பட்டவர்களும் விட்ட படிப்பைத் தொடரச் சேவிகாசிரமம் அமைந்தது. பெற்றோரற்ற பச்சிளங்குழந்தைகளுக்குச் சௌபாக்கிய இல்லம். அவர்களில் பயிற்சி பெற்ற ஒரு பெண் தன் ஊருக்கோ பக்கத்து ஊருக்கோ திரும்பும்போது, நகரத்திலிருந்து வரும் எந்த லாரியும் கொண்டுவர முடியாத ஒன்றை எடுத்துச் செல்கிறாள். அது சாக்கு போர்த்தித் திண்ணையில் கிடக்காது. விலை போகவும் போகாது.

கதர், கைத்தொழில்கள், சித்த ஆயுர்வேத மருந்துகள் தயாரிக்கும் லட்சுமி சேவா சங்கம் என ஒவ்வொன்றாகப் பிற பணிகளும் சேர்ந்தன. 1956இல் கிராமிய உயர்கல்வி நிலையம் தோன்றியது. அது 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி அரசின் நிதியில் நடக்கிறது. அறக்கட்டளை அதனின்று தனித்து நின்று தன் மருத்துவமனையையும் இல்லங்களையும் தொடர்ந்து நடத்துகிறது. அரசு எடுத்துக்கொள்ளும் அளவுக்குத் தரமாக ஒன்றைத் தொடங்கிக் கொடுத்துவிட்டு, அரசின் கண்ணில் படாதவர்களிடம் திரும்பிச் செல்வதை நாம் பெரிதென மதிக்கிறோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1959 முதல் ஆத்தூர் வட்டாரத்தில் காந்திகிராமம் நடத்திய சுகாதாரத் திட்டம் நாடறிந்தது. குடும்பக் கட்டுப்பாடு அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. இதில் நம் ஆலிம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அவ்விவாதத்தை இங்கே தொடங்க விரும்பவில்லை. ஆயினும் வீடு வீடாகச் சென்று கருவுற்ற பெண்ணின் நலம் விசாரிக்கும் பணியை எந்தக் கருத்துடையவரும் மறுக்க மாட்டார்.

அம்மையார் அரசியலிலும் இருந்தார். 1952இல் ஆத்தூரிலிருந்தும் 1957இல் வேடசந்தூரிலிருந்தும் சென்னை சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1962இல் திண்டுக்கல் மக்களவை உறுப்பினராகி மத்தியக் கல்வித் துணை அமைச்சராகப் பணியாற்றினார். அவ்வாண்டே பத்மபூஷண் விருதும் வந்தது. 1967 தேர்தலில் தோல்வி. பதவி போனபின் பலர் தலைநகரிலேயே ஏதேனும் ஒரு பொறுப்பைத் தேடித் தங்கிவிடுவர். அவருக்குத் திரும்பிச் செல்ல ஒரு கிராமம் இருந்தது. 1984 அக்டோபர் 21ஆம் நாள் காலமாகும்வரை காந்திகிராமமே அவரது வீடு. 2005இல் இந்திய அஞ்சல்துறை அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது.

செல்வர் வீட்டுப் பெண் என்பதால் அவரால் முடிந்தது, நம் சிறிய ஜமாஅத்துக்கு ஆகுமா என்று ஒரு சகோதரர் வினவினார். நியாயமான கேள்வி. செல்வமும் செல்வாக்கும் அவருக்கு உதவியதை மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டு படுக்கை போட நம்மாலும் முடியும். நம்மிடம் இல்லாதது பணமன்று, விழா முடிந்த மறுநாளும் அவ்வூருக்குச் செல்லும் ஆள்தான்.

அண்மையில் அதே சிற்றூரிலிருந்து ஒரு மாணவி செவிலியர் பயிற்சிக்கு உதவி கேட்டு மனு அளித்திருக்கிறார். பயிற்சி முடித்து ஊரிலேயே பணிசெய்ய எண்ணம் என்று எழுதியுள்ளார். ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டும். ஒரே தவணையில் கொடுத்துப் படமெடுத்துக்கொள்ளும் உதவியன்று. எஞ்சிய தையல் இயந்திரத்தைப் பழுது பார்க்கவும், வாரம் ஒருநாள் சென்று தைக்கக் கற்றுக்கொடுக்கவும் நம் மஹல்லாவின் தையற்கலைஞர் ஒருவர் முன்வந்துள்ளார். அவருக்குப் பேருந்துச் செலவு தர வேண்டும். இரு மனுக்களும் பொருளாளரிடம் உள்ளன. அடுத்த பொதுக்குழுவில் உங்கள் முன் வைக்கப்படும்.