மணல் மூடிய கோயிலும் ஒரு மாமல்லரும்

எகிப்து நாட்டின் தென்கோடியில், நூபியர் வாழ்ந்த நைல் கரையில், அபு சிம்பெல் என்னும் இடம் உள்ளது. கி.மு. 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராம்செஸ் மன்னன் அங்கே பாறையைக் குடைந்து ஒரு கோயில் எடுத்தான். வாயிலில் ஏறத்தாழ 20 மீட்டர் உயரமுள்ள நான்கு சிலைகள். நான்கும் அவனுடைய உருவங்களே! அந்த மன்னனைப் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்தேன். படிக்கப் படிக்க என் நெஞ்சில் வந்து அமர்ந்துகொண்டவரோ ஒரு நாவிதரின் மகன். அவர்தான் ஜியோவானி பெல்சோனி.

1778இல் இத்தாலியின் பதுவா நகரில் பிறந்தார். ஆறரை அடி உயரம். 1803இல் இலண்டனுக்குச் சென்று, நாடகமேடையில் ஒரே நேரத்தில் பலரைத் தோளில் சுமந்து காட்டிப் பிழைத்தார். மனைவி சாரா அந்த அலைச்சலில் எல்லாம் உடனிருந்தார். 1815இல் இருவரும் எகிப்து சென்றனர். நீர் இறைக்கும் புதிய பொறி ஒன்றை ஆளுநர் முகம்மது அலிக்குச் செய்துகொடுத்துச் செல்வராகிவிடலாம் என்பது கணக்கு. சோதனை நாளில் அவருடைய பணிப்பையனின் கால் முறிந்தது. திட்டமும் அத்துடன் முடிந்தது.

கையில் காசில்லாத நிலையில், பிரிட்டிஷ் தூதர் ஹென்றி சால்ட்டுக்காக, தீப்ஸ் நகரத்துக் கோயிலில் கிடந்த ராம்செஸின் கருங்கல் தலையைப் பெயர்த்தெடுக்கும் வேலையை ஏற்றார். எடை சுமார் 7 டன்! உருளைக் கட்டைகளும் கயிறும் ஆள்பலமுமே கருவிகள். 1816இல் அதை நைல் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். இன்று அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அபு சிம்பெல் பற்றி அவருக்குச் சொன்னவர் சுவிஸ் பயணி பர்க்ஹார்ட். 1813இல் மணலுக்கு மேல் தலைநீட்டிய சிலைகளைப் பார்த்துச் சென்றவர் அவர். உள்ளே என்ன இருக்கிறதென்று எவருக்கும் தெரியாது. 1816இல் பெல்சோனி அங்கே சென்றபோது, நாணயத்தைக் கூலியாக வாங்க அவ்வூரார் மறுத்தனர். இந்தச் சிறு உலோகத் துண்டுக்கு யார் தானியம் தருவார் என்பது அவர்கள் ஐயம். நியாயமான ஐயந்தானே! பெல்சோனி ஒரு காசைக் கொடுத்துத் தம் படகுக்கு அனுப்பினார்; படகோட்டிகள் அதைப் பெற்றுக்கொண்டு தானியம் தந்தனர். அதன் பிறகே வேலை நடந்தது. ஆயினும் அள்ள அள்ள மணல் சரிந்து வந்தது. பணமும் தீர்ந்தது. திரும்பிவிட்டார்.

அடுத்த ஆண்டே மீண்டும் வந்தார். இம்முறை கூலியாட்கள் பாதியில் நின்றுவிட்டனர். பெல்சோனியும் உடன் வந்த பீச்சி, இர்பி, மாங்கிள்ஸ் ஆகியோரும் தாமே மண்வெட்டி பிடித்தனர். ஆடி மாதத்து நூபிய வெயிலை எண்ணிப் பாருங்கள்! 1817 ஆகஸ்டு 1ஆம் நாள் வாயிலின் மேற்பகுதியில் ஓர் ஆள் நுழையுமளவு இடைவெளி கிடைத்தது. உள்ளே தூண்தோறும் ஓங்கி நிற்கும் உருவங்கள், சுவரெங்கும் போர்க்களச் சித்திரங்கள். வெப்பமோ தாங்க முடியாதது; படம் வரைந்த தாள் கை வியர்வையில் நனைந்து கெட்டது. எதிர்பார்த்த புதையல் இல்லை. சில சிலைகளே கிடைத்தன.

இவரைக் கொள்ளைக்காரர் என்போர் உண்டு. எகிப்தின் செல்வம் கப்பலேறியதில் இவருக்குப் பங்குண்டு. அதை நான் மறைக்க விரும்பவில்லை. 1818இல் காப்ரே பிரமிடைத் திறந்தபோது உட்சுவரில் தம் பெயரையும் பெரிதாக எழுதிவைத்தார். அந்த ஆசை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால், பொருளைச் சால்ட் பெற்றுக்கொள்ள, உழைப்பை இவர் கொடுத்தார் என்பதும் உண்மை. 1817இல் இவர் கண்டுபிடித்த முதலாம் சேத்தி கல்லறையின் சலவைக்கல் பேழையை 2000 பவுனுக்கு விற்றவர் சால்ட்தான்.

1823 டிசம்பரில், திம்பக்து நகரைத் தேடிப் புறப்பட்ட பெல்சோனி, மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் பகுதியில் வயிற்றுக்கடுப்பால் இறந்தார். வயது 45. சாரா 1870 வரை வறுமையோடு போராடி வாழ்ந்தார்.

அஸ்வான் உயர் அணையின் நீர் சூழ இருந்த வேளையில், 1964 முதல் 1968 வரை, அபு சிம்பெல் கோயில் துண்டு துண்டாக அறுக்கப்பட்டு, சுமார் 65 மீட்டர் மேலே மீண்டும் அமைக்கப்பட்டது. உலக நாடுகள் பொருள் தந்தன. ஆனால், பெல்சோனிக்காக மணல் அள்ளியவர்களின் வழிவந்த நூபிய மக்கள் சுமார் 50,000 பேர் 1963-64இல் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களுடைய வீடுகளை மேலே தூக்கிவைக்க எவரும் வரவில்லை. அவை நாசர் ஏரியின் அடியில் கிடக்கின்றன.